டம்மிக்கு ஒரே கேள்விதான்

என் மனைவி லிப்ட் பரிசோதகர். இந்த ஊரின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவள் கையெழுத்து இல்லாமல் லிப்ட் ஓடாது. வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பாள். சரியில்லையென்றால் பூட்டிவிட்டு வந்துவிடுவாள். கட்டடக்காரர்கள் கெஞ்சுவார்கள், மேலிடத்திலிருந்து போன் வரும், மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே சபிப்பார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாள். வீட்டிலும் அதே குணம்தான். ஒன்றைப் பூட்டினாள் என்றால் பூட்டியதுதான். அப்படி அவள் பூட்டிப்போட்டவை இரண்டு: பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டம், அவளுடைய சொந்த அண்ணன். இரண்டையும் ஒரே மாலையில் பூட்டினாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் செய்யப்போகும் தப்பை அவருக்கு முன்னால் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இல்லாத இடத்தில் உட்கார்ந்தால், சினிமா தியேட்டராகவே இருந்தாலும், வலது கால் தானாக எதையோ தேடும். எனக்குப் பொறுமை போதாது என்று மாணவர்கள் சொல்வதுண்டு. பொறுமையாக இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் மிஞ்சியிருக்கமாட்டேன்.

பிரிட்ஜைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாலு பேர் ஆடுவார்கள். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஆளுக்கொரு சீட்டு இறக்கி, பெரிய சீட்டுக்காரர் அள்ளிக்கொள்வது ஒரு பிடி. எத்தனை பிடி பிடிப்போம், எந்த இனம் துருப்பு என்று முதலில் ஏலம். ஏலத்தை எடுத்தவர் ஆடுவார். அவருடைய ஜோடிக்காரர் தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, ஆடுகிறவர் கேட்கும் சீட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். அவருக்குப் பெயர் டம்மி. டம்மி யோசனை சொல்லக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி உண்டு. இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால்தான் துருப்பால் வெட்டலாம். மேஜையில் டைமன் இறங்கியிருக்க, ஆடுகிறவர் டைமன் போடாமல் வேறு எதையோ போட்டால், "டைமன் இல்லையா?" என்று கேட்கலாம். கையில் டைமனை வைத்துக்கொண்டே கவனிக்காமல் போட்டிருந்தால், அடுத்த சீட்டை இறக்குவதற்குள் திருத்திக்கொள்ளலாம். இறக்கிவிட்டால் போச்சு. பிடித்ததில் இரண்டு பிடியைப் பிடுங்கி எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

என் மனைவியும் மச்சானும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஜோடி. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு அவர்களுக்கு ஒருவரை விட்டால் ஒருவர்தான். மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர், ஆனால் சீட்டைக் கையில் எடுத்தால் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து மச்சானும் அவர் மனைவியும் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள், அல்லது நாங்கள் அங்கே போவோம். சாப்பாட்டு மேஜையிலும் அதே சீட்டுப் பேச்சுதான். நானும் மச்சானின் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து, தலையில் அடித்துக்கொள்வோம். அது எவ்வளவு நல்ல காலம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டி. மச்சான் ஆடிக்கொண்டிருக்க, என் மனைவி டம்மி. ஓர் ஆட்டத்தில் அவர் கிளாவர் போடாமல் வேறு சீட்டைப் போட, இவள் முறைப்படி, "கிளாவர் இல்லையா?" என்று கேட்டாள். அவரிடம் நிஜமாகவே இல்லை. யோசனை அறுந்துபோன எரிச்சலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "எனக்குக் கண்ணு இருக்கு. டம்மின்னா வாயை மூடிட்டு உக்காரு," என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னோர் ஆட்டத்தில், டைமனைக் கையில் வைத்துக்கொண்டே துருப்பால் வெட்டினார். இவள் கேட்கவில்லை. இரண்டு பிடி போயிற்று, போட்டியும் போயிற்று. மச்சான் எழுந்து நின்று கத்தினார்.

"வேணும்னேதான் கேக்கலை! எனக்கு எதிர்ல ஒரு மரக்கட்டையை வெச்சிருந்தாலும் இதைவிட நல்லாருந்திருக்கும்!"

"நான் எண்ணலை. கவனிக்கலை," என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு நான்தான் போனில் மச்சானை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கவனக்குறைவுக்கு ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவது என்று கேட்டேன். அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. அதற்குப் பிறகு கல்யாணம் காரியம் என்றால் பார்த்துக்கொள்வார்கள். "நல்லாருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான்.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு லிப்டின் அடிக்குழியில் இறங்கும்போது ஏணி வழுக்கி, என் மனைவிக்கு முழங்காலில் அடி. எலும்பு டாக்டர் வீட்டில் காலை நீட்டி உட்காரச் சொல்லிவிட்டார். காலை நீட்டி உட்காருவதற்கு அவள் பிறக்கவில்லை. முதல் வாரம் என்னைப் படுத்தினாள், அடுத்த வாரம் வீட்டு மின்விசிறிகளைப் பரிசோதித்தாள். பிறகு ஒரு நாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் இருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையில் பச்சைத் துணி, பதிமூன்று சீட்டு.

"யாரோட ஆடறே?"

"யாரோடவும் இல்ல. மூணும் கம்ப்யூட்டர்."

பன்னிரண்டு வருஷம் சீட்டு என்ற வார்த்தையையே உச்சரிக்காதவள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் மூடிவைத்துவிடுவாள் என்று பயம்.

முதலில் எல்லாம் மறந்துபோயிருந்தது. ஏலத்தில் தடுமாறினாள், துருப்பை எண்ண மறந்தாள், தோற்றாள். பிறகு கை பழகிக்கொண்டது. மூன்று கம்ப்யூட்டருக்கும் பெயர் வைத்தாள். இடது பக்கம் அவசரக்காரன். வலது பக்கம் கணக்கர். எதிரில் இருக்கும் ஜோடிக்காரருக்கு சாமியார் என்று பெயர்.

"சாமியார் திட்டமாட்டார், முறைக்கமாட்டார். நான் என்ன கூத்து பண்ணினாலும் அடுத்த ஆட்டத்துக்குப் போயிடுவார்."

"அப்போ என்னைவிட நல்லவர்."

"உங்களைவிட நல்லவரா இருக்கிறது ஒரு பெரிய விஷயமா?"

சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கும் வழக்கமாயிற்று. திரை எல்லா வசதியும் செய்து கொடுத்தது. சீட்டைப் பிரித்ததும் அதுவே இனம் இனமாக, கறுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் கறுப்பு என்று அடுக்கிவிடும். போட்ட சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு. அதை அவள் அடிக்கடி அமுக்குவதைப் பார்த்து, "வண்டிக்கு ரிவர்ஸ் இருக்கு, மோதினதுக்கு ரிவர்ஸ் கிடையாது," என்றேன். முறைத்தாள்.

"இதுல இன்னொண்ணு பாருங்க," என்று ஒரு நாள் காட்டினாள். டைமன் போட வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒரு துருப்பைத் தொட்டாள். அது அசையவில்லை. கையில் டைமன் இருக்கும்வரை மற்ற சீட்டெல்லாம் மங்கிப்போய்க் கிடந்தன. "தப்பாப் போடவே முடியாது. அதனாலதான் சாமியார் எதுவும் கேக்கறதில்ல."

நானும் மெச்சிக்கொண்டேன். எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் காலடி பிரேக்கை நம்பியே ஓட்டிப் பழகியவர்கள் தனியாக வண்டி எடுக்கும் முதல் நாளே எங்காவது இடித்துவிட்டு வந்து நிற்பார்கள். இவள் விஷயத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சானின் மனைவி எனக்குப் போன் செய்தாள். என்னைவிட மூத்தவள், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"தம்பி, இவரோட ஆடிட்டிருந்த என்ஜினியர் பொண்ணு வீட்டோட போயிட்டார். லீக்ல கடைசி மேட்ச் பாக்கி இருக்கு. ஜோடி இல்லன்னா டீமையே எடுத்துடுவாங்களாம். தங்கச்சி மறுபடி ஆடறதா நீங்கதானே அன்னிக்கு வாய் தவறிச் சொன்னீங்க..."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். என் மனைவியிடம் சொன்னேன். அவள் டேப்லெட்டை மூடாமலே கேட்டாள்.

"அண்ணன் கேக்கச் சொன்னானா, அண்ணியா கேக்கறாங்களா?"

"பக்கத்துலயே நின்னுட்டிருந்தார்னு நினைக்கிறேன். இருமல் கேட்டுச்சு."

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "ஒரே ஒரு மேட்ச். வரேன்னு சொல்லிடுங்க," என்றாள்.

நான் திரும்பக் கூப்பிட்டபோது, மச்சானின் மனைவி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் குரலை இறக்கிக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கு தம்பி. இதுவும் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் மூஞ்சியில முழிக்கமாட்டாங்க. இப்போ நல்லாருக்கியான்னாவது கேட்டுக்கறாங்க." அதுதான் உண்மை. இருப்பதும் போய்விடக் கூடாதே என்றுதான் எனக்கும் அடித்துக்கொண்டது.

ஒரே ஊரில் இருந்தும் பேசிக்கொள்ளாத இருவரும், எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம் என்பதை எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள்? அண்ணன் தன் மனைவியிடம் சொல்வார், அவள் எனக்குச் சொல்வாள், நான் இவளிடம் சொல்வேன். எனக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. "ரெண்டு கிளாவர்னா பலமான கையாம்." "அது எனக்குத் தெரியும், வேற என்ன சொன்னான்?" "வேற எதுவும் சொல்லலை." "எதுவுமே சொல்லலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, சாமியாரிடம் போய்விடுவாள். கால் சரியாகி வேலைக்குப் போக ஆரம்பித்தும் சாமியாரை விடவில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைத் துணி ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை மதியம். நான்தான் வண்டி ஓட்டினேன். கிளப் இருக்கும் தெருவுக்குள் திரும்பியதும், "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினேன். நேராகப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு நான் எண்ணினேன்."

"என்னிக்கு?"

"அண்ணன் வெட்டினப்போ. அவன் கையில ஒரு டைமன் இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்காம உக்காந்திருந்தேன். வாயை மூடுன்னு சொன்னான்ல, மூடிக்கிட்டேன்."

"அடிப்பாவி. உனக்காக நான் அந்த மனுஷனை அவ்வளவு பேச்சுப் பேசினேனே!"

"அதனாலதான் சொல்ல முடியல. அவன் கத்தினதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல. அதுதான் எனக்குப் பொறுக்கல."

வேறு நாளாக இருந்தால் வண்டியிலேயே ஒரு சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு அவள் விரல்களைப் பார்த்தேன். லிப்ட் குழியில் தொங்கும்போதும் தடுமாறாத விரல்கள், சீட் பெல்ட்டின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தன. நான் வண்டியைக் கிளப்பினேன்.

கிளப் என்பது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. இவள் பழக்கதோஷத்தில் லிப்டின் கதவிடுக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "படியிலயே போலாம்," என்றாள். உள்ளே நாலைந்து சதுர மேஜைகள், ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று, ஓடுகிற கடிகாரம் ஒன்று. எதிரணியில் ஒரு பல் டாக்டரும் ஒரு கணக்கு டீச்சரும். இதே சீட்டுகளை அடுத்த அறையில் எங்கள் அணியின் இன்னொரு ஜோடி ஆடும். அதனால் சீட்டு மோசம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மச்சான் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். இவள் எதிரில் உட்கார்ந்தாள். நடுவர் என்னைப் பார்த்து, வேடிக்கை பார்க்கிறவர்கள் ஒருவர் கையை மட்டும்தான் பார்க்கலாம், வாயைத் திறந்தால் அணிக்குத்தான் கெடுதல் என்று எச்சரித்தார். மனைவியின் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

இங்கே திரை இல்லை. சீட்டை அவளே அடுக்க வேண்டியிருந்தது. ஏலத்தைக்கூட வாயால் சொல்லாமல், பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் தன் முறை வருவதற்கு முன்பே ஒரு சீட்டை எடுக்கப் போனாள், நல்லவேளை, போடவில்லை. இன்னொன்றில் போட்ட சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பொத்தானைத் தேடுகிறவளைப் போல. மச்சான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தோற்ற ஆட்டத்துக்கும் அதே முகம், ஜெயித்த ஆட்டத்துக்கும் அதே முகம். அந்த மௌனம் மன்னித்ததா, குமுறிக்கொண்டிருப்பதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது.

இடைவேளையில் கணக்குப் பார்த்தபோது இரண்டு அணிகளும் கிட்டத்தட்ட சமம். யாரும் தண்ணீர்கூடக் குடிக்கப் போகவில்லை. பிறகு வந்த ஆட்டங்களிலும் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்றே போயிற்று.

கடைசி ஆட்டம். ஸ்பேட் துருப்பு, பத்துப் பிடி என்று ஏலம் எடுத்து என் மனைவி ஆடினாள். மச்சான் சீட்டை விரித்து வைத்துவிட்டு டம்மியாக உட்கார்ந்தார். பல் டாக்டர் இடது பக்கம், டீச்சர் வலது பக்கம். இவள் நன்றாகவே ஆடினாள். துருப்பையெல்லாம் பிடுங்கினாள், மூன்று முறை டைமன் சுற்றிவந்தது, மூன்றாவது முறை டீச்சரிடம் டைமன் தீர்ந்துபோயிற்று. இரண்டு பிடிதான் விட்டிருந்தாள். இன்னும் ஒன்று விட்டாலும் பத்து வந்துவிடும். ஆளுக்கு ஐந்து சீட்டு மிச்சம். ஆரம்பத்திலிருந்தே தன் கையில் டைமன் மூன்றுதான் என்று கணக்கு வைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அவள் கையில் இரண்டு துருப்பு. அதற்குப் பக்கத்தில் ஏழு, ஆறு, ஐந்து என்று மூன்று சிவப்புச் சீட்டு. ஏழு ஆர்ட்டின். ஐந்து ஆர்ட்டின். நடுவில் இருந்த ஆறு ஆர்ட்டின் இல்லை, டைமன். அடுக்கும்போது சிவப்போடு சிவப்பாக, எண் வரிசையில் அழகாகச் செருகியிருக்கிறாள். திரையில் இப்படி நடக்க வழியே இல்லை. திரை அடுக்கிக் கொடுத்துப் பழகிய கண், எண்ணைப் பார்த்தது, இனத்தைப் பார்க்கவில்லை.

டம்மியில் ஒரே ஒரு டைமன் மிச்சமிருந்தது, நாலு. தன்னிடம் டைமன் தீர்ந்துவிட்டது, ஆகவே அதைத் துருப்பால் வெட்டிவிடலாம் என்பது இவள் திட்டம்.

"டைமன் நாலு," என்றாள். மச்சான் அதை எடுத்து நடுவில் நகர்த்தினார்.

என் வலது கால் மேஜைக்கடியில் வெறும் தரையை மிதித்தது. நான் வாயைத் திறந்தால் மேட்ச் போய்விடும். தொண்டையைச் செருமினால்கூடச் சைகை என்பார்கள். முகத்தை மறைத்துக்கொள்ளக் குனிந்து ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பார்க்காமல் இருக்க முடியாமல் நிமிர்ந்தேன். டீச்சர் ஏதோ ஒரு கிளாவரைப் போட்டார். என் மனைவி சின்னத் துருப்பை எடுத்து வைத்து வெட்டினாள்.

பல் டாக்டரிடமும் டைமன் இல்லை. அவரும் ஒரு கிளாவரைப் போட்டார்.

போட்டுவிட்டு அவர் கண் ஒரு கணம் டீச்சரிடம் போய்த் திரும்பியது. டீச்சர் தன் சீட்டையே உற்றுப் பார்த்தார். ஒரு டைமன் இன்னும் வெளியே வரவில்லை. தன்னிடம் இல்லை என்று டாக்டருக்குத் தெரியும், தன்னிடம் இல்லை என்று டீச்சருக்குத் தெரியும், டம்மியில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மேஜையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரே ஆள் என் மனைவி. எதிராளிகள் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. இவள் அடுத்த சீட்டை இறக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் பல்லைப் பிடுங்கும்போதுகூட இவ்வளவு அமைதியாக இருந்திருக்கமாட்டார்.

கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் மச்சான்.

நான் அவரைப் பார்த்தேன். பதினாலு வயதிலிருந்து சீட்டை எண்ணுகிறவர், அவருக்குத் தெரியாமலிருக்காது. அவர் விரித்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் போட்ட சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அவரும் கவிழ்த்தார். வாய் திறக்கவில்லை. தாடை மட்டும் ஒரு முறை இறுகித் தளர்ந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே டைமன், அதே வெட்டு, இடம் மட்டும் மாறியிருக்கிறது. கேட்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு வார்த்தை பேசாமல், கத்தாமல், முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் செய்தாலும் என்னால் அவரைக் குறை சொல்ல முடியாது என்று தோன்றியபோது எனக்கு அழுகை வந்தது.

என் மனைவியின் விரல் மிச்சமிருந்த துருப்பைத் தொட்டது. கையிலிருந்து பாதி உருவிவிட்டாள். டீச்சரின் உதடு லேசாகப் பிரிந்தது.

"டைமன் இல்லையா?"

கட்டைக் குரல். மச்சானுடைய குரல்தான்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மச்சான் அவளைப் பார்க்கவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தாள். ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில் அது இருந்தது. அவள் காது மடல் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"இருக்கு," என்றாள். நடுவரைக் கூப்பிடக் கையை உயர்த்தினாள். "இருக்கு. மன்னிக்கணும்."

நடுவர் வந்தார், கேட்டார், தலையாட்டினார். துருப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு டைமன் ஆறை வைத்தாள். வேண்டுமானால் டாக்டரும் தன் சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாற்றுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. நாலைவிட ஆறு பெரிது, வேறு யாரிடமும் டைமன் இல்லை, துருப்பும் இல்லை. யாரும் மதிக்காத அந்த டைமன் ஆறே பிடியைப் பிடித்தது. வெட்டாமல் மிச்சமான துருப்பும் அவளுக்கே ஆயிற்று. பத்துக்குப் பதிலாகப் பதினொன்று.

அடுத்த அறையிலிருந்து எங்கள் இன்னொரு ஜோடி வந்து கணக்கை ஒப்பிட்டதும் தெரிந்தது, அந்தக் கடைசி ஆட்டத்தால்தான் மேட்ச் எங்களுக்கு. அணி தப்பியது. ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். டாக்டர் என் மனைவியிடம், "மயிரிழையில தப்பிச்சீங்கம்மா," என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். அண்ணனும் தங்கையும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சீட்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே படிக்கட்டுப் பக்கம் ஒரு காபி மெஷின். மச்சான் மூன்று காகிதக் கப்களை நிரப்பி, எனக்கு ஒன்று கொடுத்து, அவளுக்கு ஒன்று நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளாமல் நின்றாள்.

"அண்ணா."

"ம்."

"அன்னிக்கு நான் எண்ணினேன். உன் கையில டைமன் இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கலை."

மாடிப்படியில் யாரோ பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். அந்தப் பேச்சு கீழே தேயும்வரை மச்சான் காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நானும்தான் எண்ணினேன்," என்றார். "டாக்டர் கிளாவரைப் போட்டதுமே தெரியும். கேக்கக் கூடாதுன்னுதான் உக்காந்தேன், குட்டி. பன்னெண்டு வருஷமா இப்படி ஒரு சீட்டு வராதான்னு இருந்தேன். வந்துச்சு. நாலு மூச்சு விடறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. அதுக்கு மேல வாயை மூடிட்டு உக்கார முடியலை." அவர் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். "நீ எப்படித்தான் அன்னிக்குக் கடைசிவரைக்கும் உக்காந்திருந்தியோ!"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றாள் என் மனைவி.

அதைச் சொல்லும்போதே உடைந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு; மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணைப் போல அழுதாள். மச்சானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கையிலும் காபி. கடைசியில் தன் தோளை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார், அவள் நெற்றியை அதில் வைத்துக்கொண்டாள். காபி அவர் சட்டையில் சிந்தியதை இருவருமே கவனிக்கவில்லை.

நான் வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இல்லாத பிரேக்கை அவ்வளவு நேரம் மிதித்ததில் வலது கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டிருந்தது. முழங்காலில் அடிபட்டவள் அவள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நொண்டிக்கொண்டு இறங்கியது நான்.